லிஃப்ட் நின்ற பிறகு

செக்ரட்டரி: …சிரிக்காதேப்பா. நான் கேட்டது ஒரே கேள்வி. லிஃப்ட் எப்ப ஓடும்?

மெக்கானிக்: சிரிக்கல சார். மூணு மாடி ஏறி வந்திருக்கேன், மூச்சு வாங்குது. அது உங்களுக்குச் சிரிப்பாத் தெரியுது.

செக்ரட்டரி: மூச்சு வாங்கறவன் பேசாம உட்காரணும். என் வாசல்ல நாற்காலி போட்டிருக்கறது அதுக்குத்தான்.

மெக்கானிக்: போன தடவை வந்தப்ப ஒண்ணுதானே இருந்துச்சு? இப்ப என்ன சார், டாக்டர் வீட்டு வாசல் மாதிரி வரிசையாக் கிடக்கு?

செக்ரட்டரி: அவனவன் வீட்டுல கால் உடைஞ்சது, முதுகு கிழிஞ்சது எல்லாத்தையும் இங்க கொண்டுவந்து தள்ளிட்டுப் போறான். சங்கத்துக்குச் செக்ரட்டரின்னா இளிச்சவாயன்னு நினைப்பு.

மெக்கானிக்: தண்ணிப் பானை?

செக்ரட்டரி: அது நான் வெச்சது. ஆறு மாடி ஏறற கட்டடம். நடுவுல எவனாவது மயங்கி விழுந்து போய்ச் சேர்ந்தா முதல்ல யார் பேரு அடிபடும்? என் பேரு. அதுக்காக வெச்சது. பாசத்துல இல்ல.

மெக்கானிக்: அந்தச் சீட்டுக்கட்டு?

செக்ரட்டரி: …ரெண்டாம் மாடி தையல்காரரோடது.

மெக்கானிக்: மயங்கி விழுந்தவனை எழுப்பறதுக்கா?

செக்ரட்டரி: உனக்கு வாய் நீளம் தம்பி. லிஃப்ட் வேலைக்கு வர்றவனுக்கு இவ்வளவு வாய் ஆகாது.

மெக்கானிக்: சரி, பேசல. ஆனா கீழேருந்து ஏறி வரும்போதே கேட்டேன். நீங்க யாரையோ திட்டறீங்க, நாலஞ்சு பேரு சிரிக்கிறாங்க. என் தலையைப் பார்த்ததும் அத்தனை பேரும் எழுந்து போயிட்டாங்க.

செக்ரட்டரி: போகாம? லிஃப்டைச் சரி பண்ண வந்துட்டான்னு பயம்.

மெக்கானிக்: பயமா?

செக்ரட்டரி: …சந்தோஷம்னு சொல்ல வந்தேன். நீ எதுக்கு ஒவ்வொரு வார்த்தையையும் பிடிச்சுத் தொங்கறே?

மெக்கானிக்: தொங்கறது என் தொழில் சார்.

செக்ரட்டரி: இங்க பாரு. இந்தக் கட்டடத்து ஜனங்களை எனக்குத் தெரியும். வருஷக்கணக்கா நான் செக்ரட்டரி. என் கதவைத் தட்டினா முதல் வார்த்தை, ‘தண்ணி வரல.’ ரெண்டாவது வார்த்தை, ‘என் இடத்துல எவனோ வண்டியை விட்டிருக்கான்.’ மூணாவது வார்த்தைக்கு ஒருத்தரும் நின்னதில்ல.

மெக்கானிக்: இப்ப நிக்கிறாங்களே?

செக்ரட்டரி: மூச்சு வாங்குதே. நிக்காம என்ன பண்ணுவான்?

மெக்கானிக்: நின்னு?

செக்ரட்டரி: நின்னு என்ன… மருமக சரியில்ல, மேனேஜர் சரியில்ல, முட்டி சரியில்ல. உலகத்துக் குப்பையெல்லாம் என் வாசல்ல கொட்டிட்டு, லேசாயிடுச்சுன்னு மேல ஏறிப் போறான். ஒருத்தன் கொட்டறதை இன்னொருத்தன் கேட்டுட்டு, ‘அட, உங்க வீட்லயுமா’ங்கறான். இதுல அவ்வளவு ஆனந்தம். அடுத்தவன் வீட்லயும் ஒழுகுதுன்னு தெரிஞ்சா மனுஷனுக்கு வர்ற நிம்மதி இருக்கே, கேவலம்.

மெக்கானிக்: நீங்க என்ன கொட்டினீங்க?

செக்ரட்டரி: நானா? நான் எதுக்குக் கொட்டணும்? எனக்கு என்ன குறை? மகன் வெளியூர்ல நல்லா இருக்கான். மாசம் ஒரு தடவை போன் பண்றான்.

மெக்கானிக்: அதைத்தான் கொட்டினீங்களாம். தையல்காரர் சொன்னார்.

செக்ரட்டரி: அந்த ஆளு ஊசியில நூலைக் கோக்கறதை விட வாயில கோக்கறது ஜாஸ்தி.

மெக்கானிக்: எனக்கென்ன சார், இருக்கட்டும். மனுஷங்க நாலு பேரு சந்தோஷமா இருந்தா சரி.

செக்ரட்டரி: சந்தோஷமா? இவங்களா? போன வருஷம் ஒரு பேச்சாளரைக் கூட்டிட்டு வந்தேன். ‘மகிழ்ச்சியாக வாழ ஏழு வழிகள்’. கீழ வண்டி நிறுத்தற இடத்தைக் கழுவி, மைக் கட்டி, நாற்காலி போட்டு, ஒவ்வொரு கதவா தட்டிச் சொன்னேன். யாரு வந்தது தெரியுமா? வாட்ச்மேன். அவனோட நாய். மூணாவது வழி சொல்லும்போது நாயும் எழுந்து போயிடுச்சு.

மெக்கானிக்: வாட்ச்மேன்?

செக்ரட்டரி: தூங்கிட்டான். அந்தப் பேச்சாளர் தூங்கறவனைப் பார்த்து, ‘பாருங்க, இதுதான் உள் அமைதி’ங்கறார். அதோட எனக்கு வெறுத்துப்போச்சு. இவங்களுக்கு ஏழு வழி வேண்டாம். ஏறி இறங்கற வழியை அடைச்சுட்டாப் போதும்.

மெக்கானிக்: அதான் அடைச்சுட்டீங்களா?

செக்ரட்டரி: என்ன?

மெக்கானிக்: ஒண்ணுமில்ல சார். கம்பெனியில பார்ட் வரலைன்னு சொல்லச் சொன்னாங்க. வந்ததும்…

செக்ரட்டரி: இன்னிக்கு அந்தக் கதை வேண்டாம். இன்னிக்கு ஓடணும்.

மெக்கானிக்: இன்னிக்கா? போன தடவை, ‘அவசரமில்ல, நிதானமாப் பாரு’ன்னீங்க. அதுக்கு முன்னால வந்தப்ப, ‘நல்ல பார்ட்டாப் பார்த்துப் போடு, லேட்டானாலும் பரவாயில்ல’ன்னீங்க.

செக்ரட்டரி: அப்ப அஞ்சாம் மாடிப் பொண்ணுக்கு வலி வரல. இப்ப குழந்தை பிறந்தாச்சு. நாளைக்குக் காலையில வீட்டுக்கு வர்றா. பச்சை உடம்பு. அஞ்சு மாடி ஏறச் சொல்வியா?

மெக்கானிக்: அடடா. புருஷன் வெளிநாட்டுல இருக்கறவங்கதானே? எப்படிக் கீழ கொண்டுபோனீங்க?

செக்ரட்டரி: வலி வந்தப்ப அவ இங்கதான் இருந்தா. அந்தப் பச்சை நாற்காலி. சாயங்காலமானா இறங்கி வந்து, எல்லாரோடயும் வம்பு பேசிட்டு இருப்பா. அப்படியே நாற்காலியோட தூக்கினோம். தையல்காரர் ஒரு கால், நான் ஒரு கால். முதல் மாடிக்காரன் இருக்கானே, வண்டி நிறுத்தற தகராறுல என் மேல போலீஸ்ல புகார் கொடுத்தவன், அவன் முதுகுப்பக்கம். ‘செக்ரட்டரி சார், பார்த்து, படி பார்த்து’ங்கறான். மூஞ்சியைப் பார்க்கணுமே.

மெக்கானிக்: யாரு மூஞ்சி?

செக்ரட்டரி: …அவன் மூஞ்சிதான்.

மெக்கானிக்: சரி சார். அப்ப எடுங்க.

செக்ரட்டரி: எதை?

மெக்கானிக்: ஃப்யூஸை.

செக்ரட்டரி: என்ன ஃப்யூஸ்?

மெக்கானிக்: சார், நான் முதல் நாளே மெஷின் ரூமுக்குப் போய்ப் பார்த்தேன். லிஃப்ட்டுக்கு ஒரு கோளாறும் இல்ல. மெயின் ஃப்யூஸைக் காணோம். கழட்டிட்டு, மூடியை ஒழுங்கா மாட்டி, திருகாணியை முடுக்கியிருக்கு. எலி வந்து கடிச்சிருந்தா திருகாணியை முடுக்கிட்டுப் போகாது.

செக்ரட்டரி: அதுக்கு என்கிட்ட கேட்டா?

மெக்கானிக்: மெஷின் ரூம் சாவி உங்க வீட்டு ஆணியிலதான் தொங்குது.

செக்ரட்டரி: நான் எடுக்கல.

மெக்கானிக்: சார்…

செக்ரட்டரி: என் பிள்ளை மேல சத்தியமா நான் எடுக்கல. நான் போய்ப் பார்த்தேன். அது உண்மை. காணோம்னு எனக்கும் தெரியும். உங்க ஆளுங்க யாரோ பராமரிப்புக்கு வந்தப்ப கழட்டிட்டு மறந்துட்டான்னு நினைச்சேன்.

மெக்கானிக்: நினைச்சீங்க. அப்புறம் ஏன் சொல்லல?

செக்ரட்டரி: நீ மட்டும் ஏன் சொல்லல? முதல் நாளே தெரியும்கறே. உன் பையில வேற ஃப்யூஸ் இல்லையா?

மெக்கானிக்: நாலு கிடக்கு.

செக்ரட்டரி: நாலு. நாலையும் பையில போட்டுக்கிட்டு, இத்தனை நாளா, ‘பார்ட் வரல, பார்ட் வரல’ன்னு என் காது குளிரச் சொன்னியா? உன்னைக் கம்பெனியில வேலைக்கு வெச்சிருக்காங்களே, அவங்களைச் சொல்லணும்.

மெக்கானிக்: வேலையைச் சரியாச் செஞ்சேன்னா என்னை யாருக்கும் தெரியாது சார். ஓடுற லிஃப்ட்டுல போறவன் மெக்கானிக்கை நினைப்பானா? நின்னாத்தான் நினைப்பான், அதுவும் திட்டறதுக்கு. இங்கதான் ஏறி வந்ததும் ஒரு டீயைக் கையில கொடுத்து, ‘உட்காருப்பா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா’ன்னு கேட்டாங்க. போன தடவை வந்தப்ப சொன்னதை ஞாபகம் வெச்சுக் கேட்டாங்க.

செக்ரட்டரி: ஒரு டீக்கு விலைபோன மெக்கானிக்.

மெக்கானிக்: ஒரு சீட்டுக்கட்டுக்கு விலைபோன செக்ரட்டரி.

செக்ரட்டரி: மெதுவாப் பேசு. யாரோ வர்றாங்க.

சிஸ்டர்: …தள்ளுங்க. கால் வைக்க இடமில்லாம அடைச்சுட்டு நிக்கறது. அந்த நாற்காலியை இப்படி இழு தம்பி. அம்மா… முட்டி ரெண்டும் தனியாக் கழண்டு கீழ மாடியிலயே நின்னுடுச்சு.

செக்ரட்டரி: வாங்க சிஸ்டர். தண்ணி குடிங்க. தம்பி, இவங்க ஆறாம் மாடி. பெரிய ஆஸ்பத்திரியில ஹெட் நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க. அஞ்சாம் மாடிப் பொண்ணு கூட இவங்கதான் போயிருந்தாங்க.

மெக்கானிக்: என்ன குழந்தைம்மா?

சிஸ்டர்: பொண்ணு. ஆத்தாளை அப்படியே உரிச்சு வெச்சிருக்கு. பிறந்ததுலேருந்து வாயை மூடல. நாளைக்குக் காலையில அனுப்பிடுவாங்க. இவன் லிஃப்ட் ஆளுதானே? என்ன, இன்னும் பார்ட் வரலையா?

மெக்கானிக்: வந்து… வந்துடும்மா.

சிஸ்டர்: ரெண்டு பேரும் பாலைக் குடிச்ச பூனை மாதிரி ஏன் முழிக்கிறீங்க?

செக்ரட்டரி: இவன்தான்… இன்னிக்கே ஓட வெச்சுடறேங்கறான். நல்ல செய்திதானே.

சிஸ்டர்: சொல்றவர் மூஞ்சியில நல்ல செய்தி தெரியலையே.

செக்ரட்டரி: எனக்கென்ன? நாற்காலியெல்லாம் எடுத்துட்டுப் போகச் சொல்லணும். வழியில இடைஞ்சல். இனி நிம்மதி. கதவைச் சாத்தினமா, டிவியைப் போட்டமான்னு இருக்கலாம்.

சிஸ்டர்: ஆமா, இருக்கலாம். நல்லா இருந்தோமே, இத்தனை வருஷம். லிஃப்ட்டுக்குள்ள ஏறினா மேல ஓடற நம்பரைப் பார்க்கறது. பக்கத்துல நிக்கறவன் இருமினா மூஞ்சியைத் திருப்பிக்கறது. மாடி வந்ததும் சிறையிலேருந்து தப்பிச்ச மாதிரி ஓடறது. இதுக்குப் பேரு கௌரவமான குடியிருப்பு.

செக்ரட்டரி: அதுக்கு நான் என்ன சிஸ்டர் பண்ணேன்?

சிஸ்டர்: நீங்க எதுவும் பண்ணலை. அதைத்தான் சொல்றேன். நாலாம் மாடி பேங்க்காரர் செத்தப்ப என்ன பண்ணீங்க? லிஃப்ட் கண்ணாடியில ஒரு காகிதம் ஒட்டினீங்க. ‘ஆழ்ந்த இரங்கல்.’ அதுக்குப் பக்கத்துலயே, ‘நாளை தண்ணீர் வராது.’ ரெண்டையும் ஒரே பசையில ஒட்டினீங்க.

மெக்கானிக்: எப்படிம்மா இறந்தார்?

செக்ரட்டரி: பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டார்ப்பா. தனியா இருந்த மனுஷன். மறுநாள் பேப்பர் போடறவன் சொல்லித்தான் கதவை உடைச்சோம். யாருக்கும் தெரியாமப் போச்சு.

சிஸ்டர்: தெரியாமப் போச்சு. சுத்தி இத்தனை வீடு. டிவி சத்தம் கேட்டுச்சு, மிக்ஸி சத்தம் கேட்டுச்சு, இவர் கூப்பிட்டது மட்டும் யாருக்கும் கேட்கல. ரொம்ப சந்தோஷமான குடும்பங்க.

செக்ரட்டரி: விடுங்க சிஸ்டர். அதுக்கும் இதுக்கும் என்ன?

மெக்கானிக்: சரி சார், நான் மேல போறேன். புது ஃப்யூஸைப் போட்டு விட்டுடறேன். ஆனா ஒண்ணு மட்டும் மனசுல குடையுது. நான் எடுக்கல, நீங்களும் எடுக்கலங்கறீங்க. சாவி இருக்கறது உங்க வீட்டுல மட்டும்தானே?

செக்ரட்டரி: என் வீட்டுல மட்டும்தான். வேற யாருகிட்ட… இரு. தண்ணி மோட்டார் சுவிட்சும் அந்த ரூம்லதான். தொட்டி நிரம்பி வழிஞ்சா நிறுத்தறதுக்குன்னு எப்பவோ இன்னொரு சாவி மேல ஆறாம் மாடியில… சிஸ்டர்?

சிஸ்டர்: பையை மூடு தம்பி, புதுசு எதுக்கு? இந்தா, பழசு, நல்லாத்தான் இருக்கு. பேங்க்காரர் விழுந்து கிடந்த அன்னிக்கு நான் லிஃப்ட்டுல அவர் மாடியைத் தாண்டிக் கீழ இறங்கினேன், காய் வாங்கிட்டு மறுபடி அவர் மாடியைத் தாண்டி மேல போனேன். ஆயுசு முழுக்க அடுத்தவங்க நாடியைப் பிடிச்சுப் பார்த்தவ நான். அந்த லிஃப்ட் பெட்டிக்குள்ள எனக்கு ஃபேன் சத்தம்தான் கேட்டுச்சு. போ, கொண்டுபோய் மாட்டு. குழந்தை அதுல வரட்டும். நான் படியிலயே ஏறிக்கறேன்.