வெளுத்த தங்கம்

அந்த இரும்புத் தகட்டின் மேல் தேநீர்க் கோப்பையை வைக்காதீர்கள், ஐயா. வட்டம் விழுந்துவிடும். பார்ப்பதற்குக் குழாய் ரிப்பேர் கடையில் கிடக்கும் வாஷர் மாதிரி இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். முதல்முறை பார்க்கிற எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அது ஜப்பானிய வாளின் கைக்காப்பு. வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் நின்று, எதிராளியின் வாள் வழுக்கி வந்து விரலை நறுக்கிவிடாமல் தடுக்கும் தகடு. முந்நூறு வருஷமாக யார் யாருடைய கையிலோ இருந்துவிட்டு இப்போது உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. அப்படி ஓரமாக வைத்தால் போதும், நன்றி.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். ஆனால் துருவைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. இரும்பில் இரண்டு விதமான துரு உண்டு. சிவப்புத் துரு தின்னும். கறுப்புத் துரு போர்வை மாதிரி மூடிக் காக்கும். அது படிய எத்தனையோ தலைமுறை ஆகும். ஒருமுறை ஒரு பழைய சாமான் கடைக்காரர், எனக்குப் பிடிக்குமே என்று, நல்ல கைக்காப்பு ஒன்றை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளிக்காசு மாதிரி ஆக்கி வைத்திருந்தார். "சார், எப்படி மின்னுது பாத்தீங்களா?" என்று பெருமையாக நீட்டினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஒரு பொருள் கெட்டுப்போவதை என்னால் தாங்க முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த வேலையில் கண் என்னுடையது, கை என் தங்கையுடையது. ஆணியோடு ஆணியாகக் குப்பையில் கிடக்கும் தகட்டை எடுத்து, எந்தக் காலம், எந்தப் பட்டறை என்று நான் சொல்லிவிடுவேன். அவள் என்னைக் கிண்டல் செய்வாள். "உன்கிட்ட ஒரு வாணலியக் குடுத்தா அதோட கொள்ளுத்தாத்தா வரைக்கும் சொல்லுவே, அண்ணா. அதுல சுடுதண்ணி வைக்க மட்டும் தெரியாது." உண்மைதான். ஆனால் அவள் வேலையில் உட்கார்ந்துவிட்டால் நான் வாயைத் திறக்க மாட்டேன். எலும்பைக் கூராகச் சீவி, பூதக்கண்ணாடிக்குக் கீழே, சிவப்புத் துருவை மட்டும் பொடிப்பொடியாகப் பெயர்த்தெடுப்பாள். கறுப்பின் மேல் ஒரு கீறல் விழாது. நகத்தளவு இடத்துக்கு ஒரு வாரம் பிடிக்கும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியது நான். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

தங்கப்பூச்சிலும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசிச் சூடு காட்டினால், பாதரசம் ஆவியாகப் பறந்துவிடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். பழைய முறை, பொல்லாத முறை. அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. நேராக நரம்பில் போய் உட்காரும். அதனால் பட்டறை ஜன்னல்களை எல்லாம் திறந்து, முகமூடி மாட்டிக்கொண்டு, என்னை வாசலிலேயே நிறுத்திவிடுவாள். "உள்ள வராதண்ணா. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாரத் திட்டுவேன்?" என்பாள். பாதரசச் சீசா எப்போதும் அலமாரியில் பூட்டியே இருக்கும். சாவி ஒன்று அவளிடம், ஒன்று என்னிடம்.

கண்காட்சிகளில் வைக்கும் அட்டையில் சேகரித்தவர், செப்பனிட்டவர் என்ற இரண்டு இடத்திலும் என் பெயர்தான் இருக்கும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததால் வருத்தமில்லை என்று எடுத்துக்கொண்டேன். போன இலையுதிர்காலத்தில் ஓர் அருங்காட்சியகத்திலிருந்து வந்த அம்மையார் ஒரு கைக்காப்பை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. இது உங்க கை இல்லையே. யாரோடது?" என்று கேட்டார். சுற்றிலும் ஆட்கள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். "என்னோடதுதாங்க" என்று பின்னாலிருந்து தங்கை சொன்னாள். அவ்வளவு மெல்லிய குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

அடுத்த வாரம் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னாள்.

"அண்ணா, அந்த அம்மா ஊரு மியூசியத்துல எனக்குன்னு தனி மேசை தர்றாங்களாம். பெரிய ஜன்னல். நான் செஞ்சதுக்குக் கீழ என் பேரப் போடுவாங்களாம்."

"எப்போ போகணும்?"

"குளிர் முடிஞ்சதும். நீ என்ன சொல்றே?"

"நல்ல விஷயம்தானே. நான் வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

முகம் கோணாமல்தான் சொன்னேன். அவள் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினாள். நீங்கள் கேட்பீர்கள், போகாதே என்று சொல்லியிருக்கலாமே என்று. சொல்லியிருந்தால் தங்கியிருப்பாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் உள்ளுக்குள் என்னை நொந்துகொண்டே தங்கியிருப்பாள். ஒரே வீட்டில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்துக்கொண்டு வாழ என்னால் ஆகாது.

அந்தக் குளிர்காலத்தில் அவளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். அவள் படுக்கையறை ஜன்னல் இடுக்குகளில் துணி வைத்து அடைத்தேன். அறையைச் சூடாக்கக் கட்டில் தலைமாட்டில் ஓடும் வெந்நீர்க் குழாய் ஆறிவிடாமல் கவனித்தேன். "அடைகாக்குற கோழி உன்கிட்ட வந்து பாடம் படிக்கணும்" என்று சிரித்தாள். கிளம்பப் போகிறாளே என்று, தங்கப்பூச்சு வேலையை அவள் அதற்குள் நிறுத்திவிட்டிருந்தாள். கையில் இருந்த துரு வேலைகளை மட்டும் முடித்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பல் ஈறில் ரத்தம் வந்தது. பிறகு காரணமில்லாமல் கோபம், கோபம் தீர்ந்ததும் அழுகை. ஒருநாள் காலையில் எலும்பு ஊசி தகட்டின் மேல் டக்டக்கென்று தட்டும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அவள் தன் வலது கையை இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை நிற்கவில்லை. தகட்டில் ஒரு வெள்ளைக் கீறல் விழுந்திருந்தது. "ஒண்ணுமில்லண்ணா, குளிரு" என்றாள். எனக்கு அந்தக் கீறலைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

மருத்துவரிடம் நானேதான் அழைத்துப்போனேன். என்ன வேலை என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் பழைய இரும்பைச் சுத்தம் செய்கிற வேலை என்று சொன்னேன். புது இடம், புது வேலை என்ற பயமாக இருக்கும் என்று தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். திரும்பி வரும் வழியில் அவள் கேட்டாள்.

"அண்ணா, பாதரசமா இருக்குமோ?"

"பூட்டுன அலமாரிய நீ தொட்டே எத்தன மாசம் ஆச்சு? கண்டதையும் நினைச்சுக் குழப்பிக்காதே."

அவள் தொடவில்லை என்பது உண்மை. நான் அவளிடம் பொய் சொன்னதே கிடையாது.

அத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். அவளால் இப்போதைக்கு வர முடியாது என்று அந்த அம்மையாருக்கு நானே போன் செய்தேன். "உடம்பு தேறட்டுங்க. எத்தன மாசமானாலும் அந்த மேசை அவங்களுக்குத்தான்" என்றார். நல்ல மனசுதான். ஆனால் அப்படி அவர் சொல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்கவில்லை. அந்த மாதங்களில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். வேலை செய்ய முடியாததால் அவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் தகடுகளை எடுத்துக்காட்டி ஒவ்வொன்றின் கதையையும் சொல்வேன். முன்பெல்லாம் பாதியில் எழுந்து போய்விடுவாள். இப்போது முழுக்கக் கேட்டாள்.

அவள் கட்டிலுக்கு மேலே ஒரு சின்ன கைக்காப்பு மாட்டியிருந்தது. பறக்கும் நாரைக் கூட்டம், சிறகெல்லாம் தங்கம். அவள் முதன்முதலாகப் பூசிய தங்கம் அது. விற்க மாட்டேன் என்று வைத்துக்கொண்டாள். போன வாரம் ஒரு காலையில் அதற்கு எதிரே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இந்தச் செறகப் பாரு. வெளுத்திருக்கு."

"வெளிச்சம் அப்படி."

"இல்லண்ணா. தங்கம் வெள்ளி மாதிரி ஆயிருக்கு. பாதரச ஆவி பட்டாத்தான் இப்படி ஆகும். இந்த ரூம்ல நான் எப்ப பூச்சு வேலை செஞ்சேன்?"

நான் தினமும் அந்த அறைக்குள் போய் வந்தவன். கண் என்னுடையது என்று இத்தனை வருஷம் மார்தட்டிக்கொண்டவன். எனக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தால் கழற்றி வேறு இடத்தில் மாட்டியிருப்பேன்.

அவள் கத்தவில்லை. குனிந்து கட்டில் தலைமாட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கைக்காப்பைக் கழற்றித் துணியில் சுற்றினாள். நாடாவைக் கட்ட வரவில்லை. திரும்பத் திரும்ப முயன்றும் விரலிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. எங்கே கொண்டுபோகப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தங்கை அப்படித் திண்டாடுவதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா நிற்பது? நான்தான் வாங்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் இங்கே அவிழ்த்தது என் முடிச்சு.

ஆமாம், ஐயா. சீசாவைத் திறந்து கிண்ணத்தில் ஊற்றி வெந்நீர்க் குழாய்க்குப் பின்னால் வைத்தது நான்தான். ஜன்னலை அடைத்ததும் அதற்காகத்தான். குளிர் முடியும் வரை அதை எடுக்கவில்லை. வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. உங்கள் தாளில் கொலை முயற்சி என்று இருக்கிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள். அவள் உயிருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதில் நான் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தேன் என்பது எனக்குத்தான் தெரியும். எனக்கு அவள் கை மட்டும்தான் வேண்டியிருந்தது. இனி அந்தக் கையால் நுணுக்கமான வேலை எதுவும் ஆகாது என்று உங்கள் மருத்துவர் சொன்னாராம். பரவாயில்லை. வேலை இல்லாவிட்டாலும் அவளை நான் வைத்துக் காப்பாற்றுவேன்.

என்னைப் பார்க்க விரும்பவில்லை என்று எழுதிக்கொடுத்திருக்கிறாள் என்கிறீர்கள். கோபத்தில் சொல்லியிருப்பாள். நாலு நாளில் தணிந்துவிடும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள். கொஞ்சம் சீக்கிரம் முடித்து அனுப்பினால் நல்லது. இந்நேரம் அவளுக்குப் பசித்திருக்கும். நான் ஊட்டினால்தான் சாப்பிடுவாள்.