சிவப்புப் பூசிய வளையம்

சேற்றில் மாட்டிய ஜீப்பை இழுக்க வடம் வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்ப்பார்கள், சார். நான், "வண்டி என்ன எடை?" என்று கேட்பேன். எடை தெரியாதவருக்கு வடம் விற்றதில்லை. பத்தொன்பது வருஷக் கடை. என் சரக்கால் யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை.

வடத்தை வண்டியோடு பிணைப்பது உள்ளங்கை அளவு இரும்பு வளையம். இழுக்கும்போது அது உடைந்தால், விறைத்து நிற்கும் வடம் அந்த இரும்பை மறுமுனையில் இருக்கும் வண்டியின் மேல் வீசிவிடும். கண்ணாடி தடுக்காது. அதனால் பழைய வளையம் எது வந்தாலும் ஸ்பானரால் தட்டிப் பார்ப்பேன். நல்லது கணீரென்று ஒலிக்கும். விரிசல் கண்டது டொக்கென்று அடங்கிவிடும். அதற்குச் சிவப்புப் பெயிண்ட் பூசித் தனிப் பெட்டியில் போட்டுவிடுவோம்.

'போட்டுவிடுவோம்' என்றது நானும் என் தங்கையும். அம்மா, அப்பா போன பிறகு எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான். போன வருஷம் கை முறிந்து என் வீட்டுக்கு வந்தாள். குடித்துவிட்டு அவள் கணவன் தள்ளியதில் முறிந்தது. நாலு மாதம் மாடியறையில் இருந்தாள். கட்டுப் பிரித்ததும் கடைக்கு இறங்கி வந்து வளையங்களைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். "இது ஊமை, அண்ணே" என்று சிரித்துக்கொண்டே பிரஷ்ஷை எடுப்பாள். அவள் கல்யாணமாகிப் போன பிறகு அந்த நாலு மாதம்தான் வீட்டில் பேச்சுக்குரல் இருந்தது.

பிறகு அவன் வந்து அழுதான். குடியை விட்டுவிட்டேன் என்றான். விட்டும்விட்டான், அதை நான் மறுக்கவில்லை. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் போனாள்.

போன வெள்ளிக்கிழமை அவன் கடைக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை அவனும் நண்பனும் ஆளுக்கொரு ஜீப்பில் ஆற்றுப் பக்கம் ஓட்டப் போகிறார்களாம். சேற்றில் மாட்டுவது எப்போதும் இவன் ஜீப்தான். புது வடம் ஒன்றும் இரண்டு வளையங்களும் கொடுத்தேன்.

"மாப்ள, இது உங்க வண்டிக்கு. இந்த இன்னொண்ண இழுக்கிற வண்டியில மாட்டுங்க. மாத்திடாதீங்க."

"நீங்க குடுத்தா கண்ண மூடிக்கிட்டு மாட்டுவேன், மச்சான்."

இரண்டாவது வளையம் சிவப்புப் பூசிப் போட்ட பெட்டியிலிருந்து எடுத்தது. தின்னர் ஊற்றித் துடைத்தேன். வளையத்தின் திருகாணி மரைக்குள் கொஞ்சம் சிவப்பு தங்கிவிட்டது, அதைத்தான் நீங்கள் கண்டுபிடித்தீர்கள். அதைப் பூசியது அவள் கைதான்.

என் தங்கைக்கு இன்னொரு தடவை கை முறியக்கூடாது என்றுதான் செய்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை அவள் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு துள்ளல்.

"அண்ணே, இன்னிக்கு அவரு ஜீப்ப நான்தான் ஓட்டப்போறேன். அவரு வெளிய நின்னு வழி சொல்வாராம். மாட்டிக்கிட்டா திட்டாதீங்க, உங்க வடம் இருக்குல்ல?"

"பாத்து ஓட்டும்மா" என்றேன்.

போனை வைத்துவிட்டுக் கடையைத் திறந்தேன். ஒருவருக்கு வடம் காட்டினேன். வண்டி எடை கேட்டேன். பதினோரு மணி வரை போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. பதினொன்றேகாலுக்கு அவன் கூப்பிட்டான். அழுகையில் அவன் பேசியது எதுவும் புரியவில்லை. எனக்குப் புரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

அந்த வளையத்தை மாட்டாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். ஏன் என்று கேட்டிருப்பாள், சார். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. தெரிந்துவிட்டால் அப்புறம் என் வீட்டு மாடிப்படி ஏறியிருக்கவே மாட்டாள். அதைத்தான் என்னால் தாங்கியிருக்க முடியாது.