ஸ்வெட்டர் போட்ட பேஸ் பெட்டி

அடுத்தவர் பேச்சைக் கேட்பதற்காக ஜன்னல் சீட்டை விட்டுவிட்டு, பின்சக்கரத்துக்கு மேலே முட்டி மோவாயில் இடிக்க உட்கார்ந்து வந்த மடையன் நான். ஓசூரிலிருந்து தளி வழியாகப் போகிற பஸ். முன்சீட்டில் லைட் மியூசிக் குழு நடத்துபவர். மடியிலிருந்த சின்னப் பெட்டிக்குக் குழந்தை ஸ்வெட்டர் மாட்டியிருந்தார். பக்கத்தில் அவருடைய பேஸ் கிட்டார்காரர்.

“என்னாண்ணே, பொட்டிக்குப் போயி ஸ்வெட்டரு?”

“பேஸ் சின்தசைசர்டா. கீபோர்டுல சொருகினா உன் கிட்டாராட்டம் தும்தும்னு அடிக்கும். குளிர் பட்டா மட்டும் சுருதி நழுவுது. தளி குளிரு தெரியுமில்ல?”

“இத்தினி வருசமா அதே குளிர்ல நானுந்தான் வாசிக்கறேன். எனக்கொரு மப்ளராச்சும் வாங்கிக் குடுத்தீங்களா?”

“உன் சுருதி நழுவறது ஜனங்களுக்குப் பழகிடுச்சுடா.”

கிட்டார்காரர் சிரிக்கவில்லை. “அப்ப இனிமே நான் வரத் தேவையில்லையா?”

“இன்னிக்கு வாயேன். ஆன் பண்ணா அரை மணி நேரம் சூடாவணுமாம். அது வரைக்கும் நீ வாசி.”

“நடுவுல கரண்டு போச்சுன்னா?”

“ஜெனரேட்டர் போடுவாங்க.”

“அதில்லண்ணே. பொட்டி ஆறிடுமே. மறுபடியும் அரை மணி நேரமா?”

குழுக்காரர் பெட்டியின் ஸ்வெட்டரைக் கீழே இழுத்துவிட்டார்.

“நம்ம ஊர்ல கரண்டு போறது நிக்கற வரைக்கும் நீயும் வந்துதான் தொலையணும்.”

கிட்டார்காரர் பெட்டியின் ஸ்வெட்டருக்குப் பட்டன் போட்டுவிட்டார்.

தளியில் இருவரும் இறங்கியபின், என் பக்கத்திலிருந்த பூக்கூடை அம்மா சொன்னார்: “கச்சேரில தும்தும்னு வேற ஒண்ணு அடிக்குதாங்க? நாங்கெல்லாம் பாடற பொண்ணோட சேலையப் பாக்கத்தான் போறது.”