2150 முதல் 2390 வரை

அட்டைப் பெட்டியைச் சரியாகத் தூக்கத் தெரிந்தவர்கள் குறைவு. பெரும்பாலும் பக்கவாட்டில் பிடித்துத் தூக்குகிறார்கள். உள்ளே இருக்கும் கனம் அடிப்பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு கீழே வந்துவிடுகிறது. ஒரு கை அடியில் போக வேண்டும். என் அறையிலிருந்து பெட்டிகளை எடுத்துவந்த உங்கள் ஆட்கள் இரண்டு பேருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். நான் சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மற்றபடி இந்த ஸ்டேஷனில் எனக்கு ஒரு குறையும் இல்லை, மேடம். நானாக வந்தவன் என்பதால் மரியாதையாகவே நடத்துகிறீர்கள். ஏன் வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெரியவரின் மகள் உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள், அப்பாவின் வலிப்பு மாத்திரையைத் தானே டப்பாவில் மாற்றிப் போட்டுவிட்டதாக. அது தப்பு. முப்பது வருடமாக ஆவணங்களோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். ஒரு பதிவில் தப்பு இருக்கிறது என்று தெரிந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

என் வேலை உங்களுக்குப் புரிந்தால்தான் மீதியும் புரியும். நாம் எழுதுவது கணிப்பொறிக்கு நேரடியாகப் புரியாது. அதைக் கணிப்பொறிக்குப் புரிகிற எண்களாக மாற்றித் தருவதற்கு நடுவில் ஒரு புரோகிராம் வேண்டும். அதற்குக் கம்பைலர் என்று பெயர். இன்றைக்கு உங்கள் கையிலிருக்கும் போன் வரைக்கும் எல்லாமே ஏதோ ஒரு கம்பைலர் வழியாக வந்ததுதான். ஆனால் ஆரம்ப காலத்துக் கம்பைலர்களை எழுதியவர்களின் மூல வரிகளைத் தேடிப்பாருங்கள், கிடைக்காது. இயந்திரத்தை உடைத்து இரும்புக்குப் போட்டபோது அவற்றையும் கூடவே அள்ளிப் போட்டுவிட்டார்கள். மிச்சம் மீதி இருப்பதைத் தேடிக் காப்பகத்தில் சேர்ப்பதுதான் என் வேலை. ஓய்வுபெற்றவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "பரண்ல பழைய காகிதம் ஏதாவது இருக்கா?" என்று கேட்பேன். பாதி வீட்டில் என்னைப் பழைய பேப்பர்காரன் என்றே நினைத்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அப்படித்தான் பஞ்ச் அக்கா வீட்டுக்குப் போனேன். அந்தக் காலத்தில் புரோகிராமை அட்டைகளில் துளை போட்டுத்தான் இயந்திரத்துக்குக் கொடுப்பார்கள். அப்போது கம்பைலர் எழுதிக்கொண்டிருந்த பெரியவர் தாளில் எழுதிக் கொடுத்ததை அட்டையில் அடித்தவர் இவர். எழுபத்தெட்டு வயதிலும் வாசலில் நின்று, "பஞ்ச் அக்கான்னு கேட்டாதான் இந்தத் தெருவுல யாருக்கும் தெரியும்" என்றார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை இழுத்தார். அதற்குள் இருந்தது நாற்பது வருடமாகத் தொலைந்துவிட்டதாக எல்லாரும் எழுதிவந்த கம்பைலர். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை. கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஓர் அட்டைக்கு ஒரு வரி. அட்டையின் வலது ஓரத்தில் வரிசை எண் இருக்கும். கட்டு கைதவறிக் கொட்டிவிட்டால் எண்ணைப் பார்த்து அடுக்கிக்கொள்ளலாம். எண்களைப் பத்துப் பத்தாகப் போடுவார்கள்: 10, 20, 30. பின்னால் நடுவில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தால் 15 என்று செருக இடம் வேண்டுமல்லவா, அதற்காக. பெட்டியில் கடைசி அட்டை 6120. ஆக, 612 அட்டைகள் இருந்திருக்க வேண்டும். எண்ணிப்பார்த்தேன், 587. அடுக்கிப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. 2140-க்கு அடுத்தது 2400. நடுவில் இருபத்தைந்து அட்டைகள் இல்லை. முன்பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது.

சில அட்டைகளின் பின்பக்கத்தில் அக்கா கடையில் வாங்க வேண்டிய சாமான்களை எழுதியிருந்தார். இருபத்தைந்தைக் கிழித்துப் போட்டிருப்பார் என்று முடிவு கட்டிவிட்டேன். கேட்டபோது, "பின்னாடி கிறுக்கினது நெசம். ஆனா ஒண்ணைக்கூட வெளிய போடல தம்பி, இது என் கைவேலை" என்று கோபப்பட்டார். நான் நம்பவில்லை. பொருளைத் தொலைத்தவர்கள் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இத்தனை வருட அனுபவத்தில் கண்டது இது.

இனி ஒரே வழி, எழுதியவரையே கேட்பது. பெரியவருக்கு எண்பத்து நான்கு வயது. மூன்று வருடம் முன்பு குளியலறையில் விழுந்ததில் தலையில் அடிபட்டு வலிப்பு வரத் தொடங்கியிருந்தது. மாத்திரையால் அது கட்டுக்குள் இருந்தது. மகளோடு மூன்றாவது மாடியில் இருந்தார். அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குப்பிகளில் பெயர் ஒட்டுகிறவள். பதினாறு வருடத்தில் ஒரு குப்பியைக்கூட மாற்றி ஒட்டியதில்லை என்று அவளே ஒருநாள் சொன்னாள். அப்படிப்பட்டவள் மாத்திரையை மாற்றிப் போட்டிருப்பாள் என்று நீங்களும் நம்பியதுதான் எனக்கு ஆச்சரியம்.

என்னைக் கண்டால் அவளுக்குப் பெரிய நிம்மதி. "அப்பாகிட்ட பேச ஆளே இல்லண்ணா. நீங்க வர்ற நாள்லதான் சட்டை மாத்திக்கிறாரு" என்பாள். வார நாட்களில் பதினொரு மணிக்குப் போவேன். மதிய மாத்திரையைக் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தாள். ஞாயிறு இரவு அவள் ஒரு வாரத்துக்கான டப்பாவை நிரப்பிவைப்பாள். நாளுக்கு மூன்று அறை. மதிய மாத்திரை போட்டால் பெரியவர் அரை மணியில் தூங்கி வழிவார். நாக்கு குழறும். காலை மாத்திரையின் மந்தம் கலையவே பதினொன்றரை ஆகும். எனக்குக் கிடைத்தது தினமும் ஒரு மணி நேரம், அவ்வளவுதான்.

அந்த ஒரு மணி நேரத்திலும் அவர் சொன்னது ஒன்றுதான். 2140-க்கு மேல் என்ன என்று கேட்பேன். "அங்க ஒண்ணும் இல்லப்பா" என்பார். மறதியை மறைக்கிறார் என்று எனக்குத் தெரியும். வயதானவர்கள் நினைவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒன்றுமில்லை என்றுவிடுவார்கள்.

ஒருநாள் அவர் மாத்திரையைத் துப்பிவிட்டார், நான் கவனிக்கவில்லை. அன்று பிற்பகல் எழுந்து உட்கார்ந்து முதல் இருபது அட்டைகளை மனப்பாடமாக ஒப்பித்தார். ஓர் எழுத்துத் தப்பில்லை. கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். இந்த மனுஷனைத்தான் நாம் மாத்திரை கொடுத்துக் கொடுத்துப் புதைத்துக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் மதிய மாத்திரையை நான் கொடுக்கவில்லை.

அதைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. உங்கள் மேசைமேல் இருக்கும் உறை நான் கொண்டுவந்து கொடுத்ததுதான். ஒவ்வொரு மாத்திரையும் தனித் தாளில், எடுத்த தேதியோடு. மதியம் முப்பத்து மூன்று, காலை பதினாறு. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றம் தெரிந்தது. அவர் பேசினார், சிரித்தார், பழைய மேலதிகாரியை வாய்க்கு வந்தபடி திட்டினார். "அப்பா எவ்வளவு தெளிவாயிட்டாரு பாருங்கண்ணா, எல்லாம் உங்க புண்ணியம்" என்று மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. நடுநடுவே அவருடைய இடது கை வெட்டி இழுக்கும். டம்ளர் கீழே விழும். நான் துடைத்துவிடுவேன்.

ஆனால் 2150 வரவில்லை. "அங்க எதுவும் இல்ல தம்பி, சொன்னா கேளு." மூன்றாவது வாரத்தில் நாற்காலியில் இருந்தபடியே ஒரு முழு வலிப்பு வந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். நான்கு நிமிடம், கடிகாரம் பார்த்தேன். தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "பொண்ணுகிட்ட சொல்லிடாதப்பா, பயந்துடுவா." அதனால்தான் நான் சொல்லவில்லை. அவருடைய விருப்பம் அது.

மறுநாளும் நான் நோட்டைத் திறந்ததும், வெகுநேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "உனக்கு என்னதான் வேணும்? சரி, எழுதிக்கோ" என்றார். 2150 வந்தது. ஒரே ஒரு வரி. அன்று வீட்டுக்கு நடந்தே போனேன், பஸ்ஸில் உட்காரப் பொறுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஒன்று, சில நாள் இரண்டு. சில நாள் அழுவார், ஒன்றும் வராது. ஆறாவது வாரம் அடியோடு நின்றுவிட்டது. காலை மாத்திரையின் மந்தம்தான் காரணம் என்று நினைத்தேன். அலமாரியில் மகளுடைய சத்து மாத்திரை இருந்தது. அதே வெள்ளை, அதே அளவு. அந்தப் புதன்கிழமை மதியம் டப்பாவில் மீதி நான்கு காலை அறைகளிலும் அதை மாற்றிவைத்தேன். அடுத்த திங்கட்கிழமை ஆறு அறைகளில். காலையில் வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அவள் தன் கையாலேயே அதை அப்பாவின் வாயில் போட்டுத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் போவாள். இந்தப் பகுதியைச் சொல்லும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

வரிகள் மறுபடி வந்தன. திங்கட்கிழமை மாலைக்குள் 2330 வரை, பத்தொன்பது வரிகள். ஆறு பாக்கி.

செவ்வாய்க்கிழமை பெரியவர் தூங்கிக்கொண்டே இருந்ததால் சீக்கிரம் காப்பகத்துக்குத் திரும்பினேன். அந்தப் பழைய இயந்திரத்தைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு புரோகிராம் எங்களிடம் உண்டு. கிடைத்த 587 அட்டைகளை அதில் ஏற்றி ஓட்டினேன். ஓட்டை இருக்கிறது, பாதியில் நிற்கும், எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தால் பாக்கி ஆறு வரிகளுக்கு ஒரு துப்பு கிடைக்கும் என்று நினைத்தேன்.

நிற்கவில்லை. கடைசி வரை ஓடியது. சோதனைக்கு ஒரு சின்னப் புரோகிராம் கொடுத்தேன். வர்க்கமூல அட்டவணை போடுவது. போட்டது, ஒரு தசமம்கூடப் பிசகாமல். அடுத்து பெரியவர் சொன்ன பத்தொன்பது வரிகளையும் சேர்த்து ஓட்டினேன். 2150-லேயே நின்றுவிட்டது. பஞ்ச் அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஆமா, அங்க இடம் விட்டுத்தான் நம்பர் அடிக்கச் சொன்னாரு" என்றார் அக்கா. "பின்னாடி ஏதோ சேக்கணும்னாரு. அதுக்குள்ள மெஷினையே தூக்கிட்டாங்க. அன்னிக்கே என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீதான் கிழிச்சிட்டீங்களான்னு ஆரம்பிச்சியே."

அன்றைக்கு நான் நேராகப் போய் டப்பாவைச் சரிசெய்திருக்கலாம். அதைத்தானே கேட்கப்போகிறீர்கள். யோசித்தேன். சரிசெய்தால், முன்னால் எடுத்த மாத்திரைகள் எல்லாம் எதற்காக எடுத்தது என்று ஆகிவிடும். பத்தொன்பது வரிகள் அந்தரத்தில் நிற்கும். அரைகுறையாக விட்ட வேலை எதுவும் என் காப்பகத்தில் இல்லை. புதன்கிழமை பதினொரு மணிக்கு வழக்கம்போலப் போனேன். அந்த வாரம் ஐந்து வரிகள் கிடைத்தன. உறையிலிருக்கும் தேதிகளைப் பார்த்தால் ஒன்று தெரியும். அடுத்த திங்கட்கிழமை, அவள் புதிதாக நிரப்பிய டப்பாவிலிருந்து ஆறு காலை மாத்திரைகளை எடுத்திருக்கிறேன். அங்கே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரிந்து ஆறு நாள் கழித்து. தெரியாமல் செய்தேன் என்று உங்கள் அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

மறுநாள் மதியம், 2390. கடைசி வரி. அவர் சொல்லத் தொடங்கினார், பாதியில் கை வெட்டியது, பிறகு உடம்பு முழுக்க. இந்தத் தடவை நிற்கவில்லை. ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது வந்தது. நடுவில் உதடு அசைந்தது. நான் காதை அருகில் கொண்டுபோனேன். கேட்டதை எழுதினேன். எழுத்துச் சரியா என்று ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தபோது இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. போன் மேசைமேல்தான் இருந்தது, என் நோட்டுக்குப் பக்கத்தில்.

அவளிடம் சொல்லிவிடுங்கள், அவள் மாற்றிப் போடவில்லை. பதினாறு வருடக் கணக்கு அப்படியே இருக்கிறது. நானே சொல்லியிருப்பேன், ஆனால் அவள் இன்னும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறாள்.

அந்த இருபத்தைந்து வரிகளையும் பிறகு நிதானமாகப் படித்தேன். பாதி, வேறு இடத்தில் ஏற்கனவே இருக்கும் வரிகள்தான், அதையே திருப்பிச் சொல்லியிருக்கிறார். சிலது கம்பைலரே இல்லை. 2310-ல் மகளைச் சின்ன வயதில் கூப்பிட்ட செல்லப் பெயர் வருகிறது. 2390-ல் இருப்பது தண்ணீர் என்ற ஒரு சொல், அவ்வளவுதான். ஆனாலும் அவற்றைத் தனி உறையில் போட்டு, எண் கொடுத்து, காப்பகத்தில் சேர்த்துவிட்டேன். அவர் சொன்ன கடைசி வார்த்தைகள் அவை. நான் மட்டும் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் அவையும் தொலைந்துபோயிருக்கும்.