போயாவுக்கு முதல் நாள் எறிஞ்ச பிளேட்

இல்ல டொக்டர், எழும்பாதீங்க. வாயையும் அசைக்காதீங்க. மேல் தாடையையும் கீழ்த் தாடையையும் சேத்துக் கம்பியால கட்டியிரிக்கி, மகனுக்குக் கதைக்க ஏலாது எண்டு உங்கட அம்மா வாசல்லயே சொல்லிட்டா. நான் கதைக்கிறன், அவர் கேட்டுக்கிட்டு இரிந்தாப் போதும் எண்டு சொல்லித்தான் உள்ளுக்கு வந்தன்.

கொப்பி வச்சிரிக்கீங்களா? அது நல்லம். என்ன எழுதியிரிக்கீங்க? லெப் நௌஷாட். ஓம், ஆஸ்பத்திரி லெப்ல ரத்தம் பாக்கிற நௌஷாட் நான்தான். உங்கட ஒரு கண் இன்னம் வீங்கித்தான் கெடக்கு, அதோடயும் ஆளப் புடிச்சிட்டீங்க. ஏறாவூர்லரிந்து வாறன். முந்தநாளும் வந்தன். கல்லடிப் பாலத்துல அரவாசிக்கு வந்துட்டு பைக்கத் திருப்பிக்கிட்டுப் போயிட்டன். ஏன் எண்டு கேக்காதீங்க, கேக்காமலே சொல்லத்தான் வந்திரிக்கன்.

விசாரண இண்டைக்குப் பத்து மணிக்கு. என்ன எழுதி முடிக்கப்போறாங்க எண்டு ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். சிவதர்ஷன் எண்ட புது டொக்டர் வாட்டுல கெடந்த சரீபுக்கு உரிய மருந்த நேரத்துக்குக் குடுக்கல்ல, அதால ஆள் மவுத்து, அதால சனம் கொதிச்சி அடிச்சிப் போட்டுது. கேட்டீங்களா கதைய? அடிச்சவனுக்கு நியாயம் இரிக்கி, அடி வாங்கினவனுக்குத்தான் பிழையாம். அப்பிடி எழுதி முடிச்சா உங்கட டொக்டர் வேலையே போயிரும். எதுத்துச் சொல்ல உங்களுக்கு வாயும் இல்ல. நேத்து அந்தக் கதைய கன்டீன்ல ஒருத்தன் சொன்னான். தேத்தண்ணிக் கோப்பையோட அவன்ட மூஞ்சியில குத்தியிரிப்பன். கை மேசைக்கு மேல வரைக்கும் வந்திச்சி, மறுகா கீழ வச்சிட்டன். எனக்கு அவனக் குத்த என்ன உரித்து இரிக்கி?

சரீப எனக்கு நல்லாத் தெரியும். என்ட பொஞ்சாதிட வழியில சொந்தம். ஓட்டமாவடிப் பக்கம் மூணு ஏக்கர் வேளாண்மை. நாப்பத்தாறு வயசு, பத்து வருசமாச் சீனி வருத்தம். மழைக்குள்ள வயல் வட்டையில இறங்கி வரம்பு கட்டியிரிக்கான், காலுல மண்வெட்டி பட்ட காயத்தோட. அந்தக் கிருமி மண்ணுக்குள்ளதான் கெடக்கு எண்டு உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவல்ல. மழை பேஞ்சா மேல வரும். சீனி உள்ள ஒடம்பு அகப்பட்டா விடாது. ஊர்ல அதுக்கு ஒரு பேரும் இல்ல. காச்சல் வந்தான், செத்தான், அவ்வளவுதான். நீங்கதான் மெலியோய்ட் எண்டு அதுட பேரச் சொன்னீங்க, சரீப் வந்த முதல் நாளே.

ஓம் ஓம், செவ்வாய்க்கிழம. எழுதத் தேவல்ல, எனக்கு நாள் மறக்காது. ரத்தம் எடுத்த ரெண்டு போத்தலையும் அட்டெண்டன்ட்ட குடுத்து விடாம நீங்களே தூக்கிக்கிட்டு வந்தீங்க. லெப் வாசல்ல நிண்டு, சேர், இத ஒருக்கா வச்சிப் பாருங்க, இந்தக் கிருமி மெதுவாத்தான் வளரும், நாலு நாள் பொறுங்க, கலப்பு எண்டு எறிஞ்சிராதீங்க எண்டு சொன்னீங்க. மரியாதையாத்தான் சொன்னீங்க. இப்ப நினைக்கக்குள்ள அது விளங்குது. அண்டைக்கு எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிட்டுது. இருவத்தாறு வருசம் கிருமி வளக்கிற பிளேட் பாக்கிறன் டொக்டர். நேத்து முளைச்ச பொடியன் எனக்குப் பிளேட் பாக்கப் பழக்கிறானா எண்டு இர்ஷானாக்குக் கேக்கிற மாதிரியே ஏசினன். இர்ஷானாவத் தெரியுந்தானே, எனக்குக் கீழ வேல செய்ற புள்ள, இந்த வருசம் வந்தவ. அவ தலையக் குனிஞ்சிக்கிட்டு நிண்டா.

கலப்பு எண்டா என்ன எண்டு வெளி ஆக்களுக்குத் தெரியா. ஊசி குத்தக்குள்ள தோல்ல இரிக்கிற கிருமியும் சேந்து போத்தலுக்குள்ள போயிட்டுது, அது வருத்தத்துட கிருமி இல்ல எண்டு அர்த்தம். அதுக்கு ஒரு ரப்பர் முத்திர செஞ்சி வச்சிரிக்கம். பிளேட்டுல தெரியாத ஒண்டு வளந்தா, மெதுவா வளந்தா, பேர் சொல்ல ஏலாட்டி, முத்திரயக் குத்துறது. இன்னொரு வழக்கமும் இரிக்கி. பௌர்ணமிப் போயா லீவு வெள்ளியில வந்தா மூணு நாள் சேந்து வரும். வியாழக்கிழம பின்னேரத்தோட இன்கியூபேட்டரக் காலியாக்கிட்டுப் போவம். வளந்தது வளந்தது, வளராதது கழிவு. லீவுக்குள்ள ஒருத்தரும் வந்து பிளேட் பாக்கத் தேவல்லத்தானே. ஆரும் எழுதி வச்ச சட்டமில்ல அது. நாங்களாப் பழகிக்கிட்டம், எங்களுக்கு வசதி.

அந்த வியாழக்கிழம எனக்கு வட்டையில பசளை எறியிற வேல இரிந்திச்சி. மழ கறுத்துக்கிட்டு நிக்கி. சரீப்ட பிளேட்டத் தூக்கிப் பாத்தன். குறுணி குறுணியா, நிறமில்லாம, ஊசி முனைக்கும் காணாது. மனசு ஒருக்கா உறுத்தினதுதான். பொய் சொல்ல மாட்டன், உறுத்தினது. மறுகா உங்கட மூஞ்சி ஞாபகம் வந்திச்சி, வாசல்ல நிண்டு பாடம் நடத்தின மூஞ்சி. முத்திரயக் குத்தினன். பிளேட்டக் கழிவு வாளிக்குள்ள எறிஞ்சன், வைக்கல்ல, எறிஞ்சன். கண்ணாடிப் பிளேட்டு, ஒடஞ்சிட்டுது. ஒடஞ்ச சத்தம் எனக்கு நல்லா இரிந்திச்சி.

நீங்க கண்ண மூடினாலும் கேக்கும். கேளுங்க.

அந்த முத்திரயால என்ன நடந்திச்சி எண்டு உங்களவிட ஆருக்குத் தெரியும்? மெரோபெனம் வேணும் எண்டு நீங்க படிவம் எழுதி அனுப்பினீங்க. பெரிய டொக்டர் லெப் ரிப்போட்டப் பாத்துட்டு, கலப்புக்கு இந்த மருந்து எதுக்கு எண்டு திருப்பி அனுப்பிட்டார். சனிக்கிழம திரும்ப எழுதினீங்க, அதுவும் திரும்பி வந்திட்டுது. நான் வட்டையில நிக்கன். ஆஸ்பத்திரியில சரீப்ட உள்ளுக்கு அது தின்னுது. ஈரல்ல சீழ், மண்ணீரல்ல சீழ், நெஞ்சுக்குள்ள சீழ். ஞாயிற்றுக்கிழம சரீப் பித்துப் புடிச்சி, கட்டின துணிய அறுத்துக்கிட்டு எழும்பி, ஊசிக் குழாயக் கடிச்சிப் புடுங்கி, நேர்ஸுட கைய முறுக்கினானாம். நாலு பேர் அமத்திப் புடிச்சி கட்டிலோட கட்டினாங்களாம். திங்கள் வெள்ளாப்புல, விடியிற நேரம், ரத்தமா இருமி இருமி மவுத்து. பொஞ்சாதிட சால்வ முழுக்க ரத்தம். அந்தச் சால்வையோடதான் அவ மையத்து வீட்டுல இரிந்தா. நான் கண்ணால கண்டன். ஓம், போனன். ஜனாஸாவத் தூக்கவும் தோள் குடுத்தன்.

திங்கக்கிழம காலம எட்டரைக்கு நான் லெப்புக்குள்ள வாறன். சரீப் மவுத்தானது அப்ப எனக்குத் தெரியா. இர்ஷானா முகமெல்லாம் வெளிறிப் போய் நிக்கா. சனிக்கிழம அவசர வேலைக்கு வந்தவ, உங்கட ரெண்டாவது போத்தல் மூலையில கெடந்ததக் கண்டு, எனக்குச் சொல்லாமப் புதுப் பிளேட்டுல போட்டிரிக்கா. எந்த மருந்துக்குக் கிருமி சாகும் எண்டு பாக்க மருந்து வில்லையும் வச்சிரிக்கா. ஜென்டாமைசினுக்குச் சாகல்ல. கொலிஸ்டினுக்குச் சாகல்ல. ஒக்மென்டினுக்கு மட்டும் வட்டமா ஒதுங்கி நிக்கி. சேர், இது கலப்பில்ல, அந்த டொக்டர் சொன்னதுதான் எண்டா. அதோட, சரீப் நானா காலமயே மவுத்தாம் சேர் எண்டா.

நான் என்ன செஞ்சன் தெரியுமா? ஸ்டூலத் தூக்கிச் செவுத்துல அடிச்சன். அவட தலைக்கு ஒரு சாண் தள்ளித்தான் பட்டுது. வாயத் திறந்தாய் எண்டா வேல இரிக்காது, குடியிரிக்கவும் விட மாட்டன் எண்டன். என்ட மகளுட வயசு அவவுக்கு. அழுதுக்கிட்டு வெளிய ஓடினா. பிளேட் மட்டும் என்ட மேசையில கெடந்திச்சி.

மறுகா நடந்தத நீங்க சொல்லணுமா, நான் சொல்லவா? நான் சொல்லுறன், உங்களுக்கு அரவாசிதான் ஞாபகம் இரிக்கும்.

முப்பது பேர் வந்தாங்க. சரீப்ட தம்பி றுஸ்தி, மணல் லொறி ஓடுறவன், அவன்தான் முன்னுக்கு. நீங்க இரிந்த அந்தச் சின்ன அறையில மூணு கதிர போடவே இடமில்ல. முதல் அடி ஹெல்மட்டால. உங்கட கண்ணாடி ஒடஞ்சி புருவத்துக்குள்ள ஏறிச்சி. இன்னொருத்தன் சேலைன் தொங்கப்போடுற இரும்புக் கம்பியப் புடுங்கி முதுகுல போட்டான். மேசைக்குக் கீழ போனீங்க, காலப் புடிச்சி இழுத்தாங்க. அடிக்க இடமில்லாம ஆளையாள் தள்ளிக்கிட்டு அடிச்சாங்க. ஒருத்தன் உங்கட விரல சப்பாத்தால மிதிச்சிக்கிட்டே ஃபோன்ல கதைச்சான், ஓம் மச்சான், அகப்பட்டுட்டான் எண்டு. நீங்க ஒரு கையத் தூக்கினீங்க. லெப் எண்டு சொன்னீங்க. லெப்ல கேளுங்க எண்டு சொல்ல வந்தீங்க. அந்த நேரம்தான் றுஸ்தி கம்பிய வாங்கி வாயில போட்டான். விறகு முறியிற சத்தம். பல்லு மூணு வாசல் வரைக்கும் தெறிச்சி வந்திச்சி, கூட்டுற மனிசி பின்னேரம் தும்புத்தடியால கூட்டி அள்ளினவ.

என்ன எழுதுறீங்க? நீங்க எங்க நிண்டீங்க எண்டா? கோரிடோர்ல நிண்டன் டொக்டர். பத்தடி தூரம். கிட்ட வரல்ல. அம்பத்திரெண்டு வயசு, நெஞ்சு வருத்தம், ஒரு அடிக்குத் தாங்க மாட்டன் எண்டு வீட்டுல சொன்னன். அது பொய். எனக்கு ஒரு நெஞ்சு வருத்தமும் இல்ல. உங்கட வாய் மூடின நேரம் எனக்குள்ள ஒண்டு அடங்கிச்சி, அதுதான் மெய். சொல்லவே கூசுது. அந்தக் கம்பி விழுந்த நேரம் எனக்கு மூச்சு லேசா வந்திச்சி.

இந்தாங்க, இது கடிதம். மூணு பக்கம். முத்திர, வாளி, போயா, ரெண்டாவது போத்தல், எல்லாம் எழுதியிரிக்கன். டொக்டர் சிவதர்ஷன் முதல் நாளே சரியாச் சொன்னவர், நான்தான் கேக்கல்ல எண்டு எழுதி ஒப்பமும் வச்சிட்டன். இர்ஷானா அந்தப் பிளேட்ட ஃபோட்டோ எடுத்து வச்சிரிந்தா, நல்ல புள்ள, அதையும் வாங்கி ஒட்டியிரிக்கன். அவட காலுல விழாத குறையாத்தான் கேட்டு வாங்கினன். பத்து மணிக்கு இதக் குடுத்தா உங்கட பேர் துப்புரவாகும். என்ட வேல போகும். போகட்டும். ஒரு மனிசன் மவுத்து, அவன்ட புள்ளையள் ரெண்டும் இன்னம் பள்ளிக்கூடம். வேல போறதெல்லாம் ஒரு தண்டனையா?

நன்றி எண்டு எழுதாதீங்க. வெட்டுங்க அத. தயவு செஞ்சி வெட்டுங்க டொக்டர்.

இன்னொண்டு எழுதுறீங்க, மெதுவா எழுதுங்க. அவங்களுக்கு ஆரு என்னக் காட்டிக் குடுத்தது எண்டா?

ஓம். பொலிஸும் அதத்தான் கேக்கான். அண்டைக்கு வாட்டுல மூணு டொக்டர் நிண்டாங்க, ஒருத்தர்லயும் ஒரு நகம் படல்ல. நீங்க வாட்டுலயே இல்ல. சரீபப் பாக்க வந்தது பொஞ்சாதி மட்டுந்தான், தம்பிக்கு உங்கட மூஞ்சியே தெரியா. எப்பிடி நேர வந்தான் எண்டு றுஸ்தியப் புடிச்சி ரெண்டு நாள் கேட்டாங்க. மறியல் சிறையில கெடக்கான், சொல்லல்ல. சொந்தக்காரனக் காட்டிக் குடுக்க மாட்டான். காட்டுமிராண்டிதான், ஆனா அந்த விசயத்துல என்னவிட மேல்.

முதல்ல லெப்புக்குத்தான் வந்தான் டொக்டர். ஒம்பது மணி இரிக்கும். சாரத்த மடிச்சிக் கட்டிக்கிட்டு, கண் ரெண்டும் சிவந்து போய். மாமா, நீங்க உள்ளுக்கு வேல செய்ற ஆள், மறைக்காமச் சொல்லுங்க, சரீப் காக்காவச் சாகடிச்சது ஆரு எண்டான். எனக்கும் அவனுக்கும் நடுவுல, மேசையில, அந்தப் பிளேட். நான் அதுக்கு மேல ஒரு பேப்பர இழுத்துப் போட்டுட்டு, மெலிஞ்ச ஆள், கண்ணாடி போட்டிரிப்பான், கல்லடிப் பொடியன், இப்ப ஆறாம் வாட்டுக்குப் பின்னுக்கு இரிக்கிற அறையில தேத்தண்ணி குடிப்பான் எண்டன். முன் வாசலால போகாத, செக்கியூரிட்டி நிக்கான், எக்ஸ்ரே பக்கத்தால போ எண்டதும் நான்தான்.

கடிதத்துல அது மட்டும் இல்ல. அதையும் எழுதுறதா வேணாமா எண்டு கேக்கத்தான் பாலத்தக் கடந்து வந்தன். பேனையக் கீழ வைக்காதீங்க, டொக்டர்.