இல்லைன்னு வந்த ரிசல்ட்

ஃபோன உள்ள வைம்மா மொதல்ல. சொல்றேன்ல, வை. இப்படி அழுதுகிட்டே பேசுனா அந்தப் பக்கம் உங்க வீட்டுக்காரருக்கு என்ன புரியும்? உனக்கே இன்னும் சரியாப் புரியல. அந்தப் பேப்பர இப்படிக் குடு. நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். எனக்கு இந்த ஆஸ்பத்திரியில யாரத் தெரியும்? இந்த பெஞ்சத்தான் தெரியும். ஒரு கால் ஆடும், பாத்து உக்காரு.

ஆமா, ரியாக்டிவ்னுதான் போட்டிருக்கு, இருக்கலாம்னு அர்த்தம். சிஃபிலிஸ்க்குத்தான். கண்ண மூடிக்காத, அது ஒரு வியாதியோட பேரு, அவ்வளவுதான். புருஷன் பொண்டாட்டிக்குள்ள தொத்துறது, பழைய ஆளுங்க மேகநோய்னு சொல்வாங்க, கேட்டிருப்ப. வாய்விட்டுச் சொல்லவே கூசுதுல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இதே பேப்பர்தான், இதே மாதிரி சிவப்பு மையில ஒரு வட்டம். அந்த வட்டத்தப் போடலன்னா இவங்களுக்குச் சோறு எறங்காது போல.

உனக்கு எத்தன மாசம்? நாலா? எனக்கும் நாலுலதான் மொதல்ல பாத்தாங்க. இப்போ எட்டு. பாத்தா பத்து மாதிரி இருக்குன்னு கடையில எல்லாரும் கிண்டல் பண்றாங்க.

கேளு. இது மொத டெஸ்ட். இது அந்தக் கிருமிய நேராப் பாக்குறதே இல்லயாம். ஒடம்பு ஏதாவது கலவரப்பட்டா ரத்தத்துல என்னமோ ஊறுமாம், அது இருக்கான்னு மட்டும்தான் பாக்குமாம். மாசமா இருக்கறவளுக்குக் கலவரத்துக்கா பஞ்சம்? நோயே இல்லாதவங்களுக்குக்கூட சில நேரம் இப்படிக் காட்டிடுமாம். இங்க இருக்கற டாக்டரம்மாதான் எனக்குச் சொன்னாங்க, இத ஒரு தெருநாய் கணக்கா நெனச்சுக்கோன்னு. திருடன் வந்தாலும் குரைக்கும், தபால்காரர் வந்தாலும் குரைக்கும். ரெண்டாவது டெஸ்ட்தான் கதவத் தொறந்து யாருன்னு பாக்குறது. அதுக்குத்தான் உன் ரத்தத்த வெளிய அனுப்பியிருக்காங்க.

நெஜமாவே இருந்தா? இருந்தா ஊசி இருக்கு. பென்சிலின். இடுப்புல போடுவாங்க, ரெண்டு நாளைக்கு ஒழுங்கா உக்கார முடியாது. சீக்கிரம் போட்டுட்டா கொழந்தையையும் காப்பாத்திடலாம். போடாம விட்டாத்தான் கொழந்தைக்கு ஆபத்து. இன்னைக்கே போட்டுக்கோன்னு டாக்டரம்மா சொன்னா போட்டுக்கோ, யோசிக்கிறேன்னு எழுந்து போயிடாத. ரெண்டாவதுலயும் இருக்குன்னு வந்துச்சுன்னா உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லித்தான் ஆகணும், அவருக்கும் பாக்கணும். அதுல ஒளிவு மறைவு கூடாது. ஆனா அது வரட்டும். இன்னைக்கே எதுக்கு?

எதுக்குன்னா... நான் பேப்பர் வந்த அன்னைக்கே சொன்னவ. அதான் சொல்றேன்.

நான் கண்ணாடிக் கடையில வேல பாக்குறேன். நாள் பூரா, இந்த எழுத்து தெரியுதா சார், அந்த எழுத்து தெரியுதாம்மான்னு கேக்குறதுதான் பொழப்பு. ஊருக்கே பார்வைய சரி பண்ணிட்டு, சொந்த வீட்டுல இருக்கறது எனக்குத் தெரியல பாத்தியா. எங்க வீட்டுக்காரருக்கு லிஃப்ட் மாட்டுற வேல. புதுசா கட்டடம் எழும்புற ஊருக்கெல்லாம் போவாரு, பத்து நாள், பதினஞ்சு நாள் தங்குவாரு. நல்ல மனுஷன்தான். குடி கெடையாது, கை நீட்ட மாட்டாரு. எங்க அம்மாவே என்னவிட அவர்மேலதான் பாசமா இருப்பாங்க.

அன்னைக்கு இந்த பேப்பர வாங்கிட்டு வெளிய வந்து, அந்த ஸ்கூட்டரெல்லாம் நிறுத்தியிருக்காங்கல்ல, அங்க நின்னு ஃபோன் போட்டேன். ஏங்க, ரத்தத்துல இப்படி ஒரு நோய் இருக்குன்னு சொல்றாங்க, எனக்கு ஒண்ணுமே புரியலங்கன்னேன். அந்தப் பக்கம் சுவத்துல துளை போடுற சத்தம் வருது. அதுக்கு நடுவுல மெதுவா சொல்றாரு, என்ன மன்னிச்சிடுன்னு.

நான் ஒண்ணுமே கேக்கலம்மா. யாரு என்னன்னு ஒரு வார்த்த கேக்கல. அவரா சொல்றாரு. வேல நடக்குற ஊர்ல, அவங்க தங்குற எடத்துல கணக்கு பாக்குற பொண்ணோட தொடர்பாம். ஆனா அவ ரொம்ப நல்ல பொண்ணு, அவகிட்டேருந்தெல்லாம் வந்திருக்காதுன்றாரு. அப்போ யார்கிட்டேருந்து வந்துச்சாம்? என்கிட்டேருந்தா? வயித்துல புள்ளைய வெச்சுகிட்டு நடுத்தெருவுல நிக்கிறேன், அவளுக்குப் பரிஞ்சு பேசுறாரு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நெஜமா சிரிச்சேன், ஸ்கூட்டர் எடுக்க வந்தவரு திரும்பிப் பாத்தாரு.

ஒரு வாரம் கழிச்சு ரெண்டாவது ரிசல்ட் வந்துச்சு. இல்ல. ஒண்ணுமே இல்ல. நாய் சும்மாதான் குரைச்சிருக்கு.

நீ சிரிக்கிற. நல்லது, சிரி. உனக்கும் அப்படியே வரட்டும்.

எங்க வீட்டுலயும் ஒரே சந்தோஷம். அவரு அந்த பேப்பர ஃபோட்டோ புடிச்சு வெச்சுகிட்டாரு. பாத்தியா, நான்தான் சொன்னேன்லன்னாரு. என்ன சொன்னாருன்னு எனக்கு இன்னும் புரியல. அன்னைக்கு அப்படி ஒரு தூக்கம் தூங்குனாரு. அந்த டெஸ்டு தப்புன்னதும் அவரு ஒத்துகிட்டதும் இல்லாமப் போயிடுச்சுன்னு நெனச்சுட்டாரு போல. நான் பேச்செடுத்தா, அதான் ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சே, இன்னும் என்னன்றாரு. நீங்களும் ஒரு தடவ பாத்துக்கோங்கன்னேன். உனக்கே இல்ல, எனக்கெதுக்குன்னுட்டாரு. அந்த ஊர் வேலயும் இன்னும் முடியல.

யார்கிட்ட சொல்றது? மாமியார்கிட்டயா? அம்மாகிட்ட சொன்னா, அவங்க ஒடஞ்சு போயிடுவாங்க. கடையில சொன்னா சாயங்காலத்துக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சுடும். சாப்பிட்டியா, மாத்திர போட்டியான்னு கேக்க ஆளுக்குக் கொறச்சலே இல்ல. ஆனா எனக்கு யாருமே இல்லாத மாதிரி இருக்கும்மா. உன் பேரு என்னன்னுகூட நான் கேக்கல, உன்கிட்டதான் சொல்றேன்.

டாக்டரம்மாகிட்ட மட்டும் ஒரு நாள் சொன்னேன். அவங்க பேனாவக் கீழ வெச்சுட்டாங்க. அப்படின்னா எட்டாம் மாசம் கண்டிப்பா இன்னொரு தடவ பாக்கணும், அந்த டெஸ்டுக்கு அப்புறம்கூட வந்திருக்கலாம்னாங்க. இன்னைக்குக் காலையிலயே ரத்தம் எடுத்துட்டாங்க. அந்த ரிசல்டுக்குத்தான் உக்காந்திருக்கேன். அவருக்குத் தெரியாது.

இல்லன்னுதான் வரணும். வேற என்ன வேண்டுவேன், இவன் உள்ள உதைக்கிறானே. ஆனா உன்கிட்ட சொல்றதுக்கென்ன, இல்லன்னு வந்தா அவரு மறுபடியும் பாத்தியான்னுவாரு. அதுக்கப்புறம் நான் எந்தக் காலத்துலயும் வாயத் தொறக்க முடியாது. காலையில ஊசி குத்துறப்போ, ஒரு நிமிஷம்தான், நோய் இருந்துட்டுப் போகட்டும்னு நெனச்சுட்டேன். பெத்தவ நெனைக்கிற நெனப்பா இது?

என்னத்தான் கூப்பிடுறாங்க. உனக்கு அவசரம் இல்லன்னா கொஞ்சம் கூட வரியா? ஒண்ணும் பேச வேண்டாம். அவங்க பேப்பர நீட்டுறப்போ பக்கத்துல நின்னா போதும்.