கூம்பு நத்தைக்கு மீன் போடாத நாள்

நத்தைக்கு மீன் போடுவது அப்படியொன்றும் பெரிய வேலை இல்லை சார். மீனைக் கிடுக்கியில் பிடித்துத் தண்ணீரில் காட்டினால் போதும். கூம்பு நத்தை மணலிலிருந்து மெல்லக் குழலை நீட்டி ஒரு குத்து குத்தும். மீன் துடிக்கக்கூடச் செய்யாது.

பதினொரு வருஷம் அந்த ஆய்வகத்தில் இதுதான் என் வேலை. குப்பி வாயில் மீன் தோலைக் கட்டிக் காட்டினால் அது விஷத்தைக் குப்பிக்குள் இறக்கிவிடும் என்று கண்டுபிடித்தவன் நான். ஆய்வகத்தை நடத்துகிற விஞ்ஞானி அதைத் தன் பெயரில் எழுதி விருது வாங்கினார். விழா மேடையில் என்னைக் காட்டி, "இவன் நம்ம தொட்டி கழுவுற ஆளு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இன்னும் எரிகிறது, மறைப்பானேன்.

விருந்தாளி வந்தால் நத்தையை வெறுங்கையில் வைத்துப் போட்டோ எடுத்துக்கொள்வது அவர் பழக்கம். அதற்கு முந்தின நாள் நான் நிறைய மீன் போட்டுவிட வேண்டும். வயிறு நிறைந்தால் ஓட்டுக்குள் சுருண்டு கிடக்கும். "அதை நம்ப முடியாது சார்" என்று சொல்லிப் பார்த்தேன். "உனக்கு என்னடா தெரியும்?" என்றார்.

பத்திரிகைக்காரர்கள் வந்த அன்றைக்கு நான் மீன் போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"சாப்பாடு போட்டியா?"

"போட்டாச்சு சார்."

அவர் கைதான் நீளும் என்று இருந்தேன். லீவுக்கு வந்திருந்த அவர் மகள், "நான் பிடிக்கிறேன்ப்பா" என்று முன்னால் வந்துவிட்டாள். காலேஜ் படிக்கிற பெண். அந்தக் குடும்பத்தில் என்னை மரியாதையாகக் கூப்பிடுவது அவள் ஒருத்திதான்.

"மாமா, ஒண்ணும் பண்ணாதுல்ல?"

அத்தனை பேர் நடுவில் மீன் போடவில்லை என்று எப்படிச் சொல்வது? மீன் போடக்கூடத் துப்பில்லாதவன் என்பார். மறுபடியும் சிரிப்பார்கள். "பயப்படாதம்மா, வயிறு நிறைஞ்சிருக்கு" என்று நானே எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

குத்தியது அவளுக்குத் தெரியவில்லை. ஐந்தாறு போட்டோ எடுத்தபின், "உதடு மரத்துப்போகுது" என்றாள்.

பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் இப்படியொரு நத்தையைக் கேள்விப்பட்டதே இல்லை. விஞ்ஞானி என் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார். "இவரைக் கேளுங்க டாக்டர், இவருக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று அழுதார். இவன் இல்லை சார், இவர். அத்தனை பேர் முன்னால்.

குப்பி வாயில் நான் மீன் தோல் கட்டிய ஆதியிலிருந்து நிதானமாகச் சொன்னேன். விஷமுறிவு மருந்து கிடையாது, உடனே மூச்சுக்கு மெஷின் வைக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அது கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்னால் சொல்ல எனக்கு நிறைய இருந்தது.